காற்றையும் நீரையும் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

எங்கள் கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகள் கல்யாணம் முடிந்த கையோடு இப்போது மொரீஷியஸ் போகிறார்கள். அந்தக் காலத்தில் ஊட்டியும் கொடைக்கானலுமே பெரிய பயணம். பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்ப் பார்ப்பதில் எனக்கு மெத்த சந்தோஷம். ஆனால் புறப்படுகிறவர்களைக் கேட்டால் ஹோட்டல் வாடகை தெரிகிறது, டிக்கெட் விலை தெரிகிறது, எங்கே நின்று படம் எடுத்தால் எடுப்பாக இருக்கும் என்பதும் தெரிகிறது. அந்த மாதத்தில் அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்றால் மட்டும் பதில் இல்லை. பள்ளியில் நெடுங்காலம் பூகோளம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு ஊருக்குப் போகும் முன் முதலில் கேட்டறிய வேண்டியது அதன் காற்றையும் நீரையும்தான்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தள்ளி இந்துமாக்கடலில் இருக்கிறது அந்தத் தீவு. எரிமலைக் குழம்பு கடலுக்குள்ளிருந்து எழும்பி இறுகிய நிலம். பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். மக்கள் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். நிலத்தில் நம் கடலூர் மாவட்டத்தில் பாதி, ஜனத்தொகையிலும் ஏறக்குறைய பாதி. கிழக்கே 560 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ரொட்ரிக்ஸ் தீவும் இந்த நாட்டைச் சேர்ந்தது. மொரீஷியஸ் 1968 மார்ச் 12இல் சுதந்திரம் பெற்று, 1992இல் குடியரசானது. நம் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும் ஊர்.

இதில் மனத்தில் பதிய வேண்டிய ஒரு விஷயம், தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது என்பது. நமக்கு மார்கழிப் பனி கொட்டும்போது அங்கே கோடை. நமக்கு ஆடிக் காற்று அடிக்கும்போது அங்கே குளிர்காலம். நம் புயல்கள் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழிக்குள் வந்துவிடும். அங்கே நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை புயல் பருவம்; ஜனவரி, பிப்ரவரி, மார்ச்தான் அதன் உச்சம். நம் வீடுகளில் கல்யாணம் எப்போது? தை, மாசி. மார்கழி கழிந்ததும் முகூர்த்தம் வைத்து, புதுமணத் தம்பதிகளை விமானம் ஏற்றி, அங்கே புயல் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் இறக்குகிறோம். என் அண்ணன் பேத்தி மாசியில் புறப்படப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, "ஏன் தாத்தா, நம்ம ஊர்லதான் மழை விட்டுடுச்சே?" என்றாள். நம்ம ஊரில் விட்டது அங்கே விட வேண்டும் என்று கணக்கில்லை அம்மா என்றேன். உலக உருண்டையை எடுத்து வைத்து, வடக்கே புயல் இடஞ்சுழியாகச் சுற்றும், தெற்கே வலஞ்சுழியாகச் சுற்றும் என்று காட்டினேன். பூமி சுழல்வதால் நேரும் வேறுபாடு அது. பாடமாக நடத்தியபோது கேட்காத பிள்ளை, பயணம் என்றதும் உட்கார்ந்து கேட்டாள்.

புயல் என்றால் என்ன என்று கடலூர்க்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை, தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. பொழுது விடிந்து கதவைத் திறந்தால் தெருவைக் காணோம், மரங்கள்தான் கிடந்தன. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்ட பலாவை ஒரே இரவில் இழந்தவர்கள் அழக்கூடத் தெம்பில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நெல் போனால் அடுத்த போகம் உண்டு; பலா போனால் அடுத்த தலைமுறைதான்.

எங்கள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரிய அபாயம். பதினொன்று என்றால் செய்தித் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். "கூண்டு ஏத்திட்டாங்க" என்று கேட்டதும் மீனவர்கள் படகை மேலே இழுத்துக் கட்டுவார்கள். ஆனால் கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் சொல்வது. கரையில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டு அலை பார்க்கத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மொரீஷியஸில் எச்சரிக்கை நெடுங்காலமாக நான்கு படிகளாக வழங்கி வந்தது. புயல் தீவை நெருங்கக்கூடும் என்று ஒன்றரை நாள், இரண்டு நாள் முன்பே முதல் படி. இரண்டாம் படி வந்ததும் பள்ளிக்கூடம் மூடிவிடும். மூன்றாம் படி வந்தால் கடை அடைத்து, பஸ் நின்று, எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சைக் காற்று தொட்டுவிட்டால் நான்காம் படி. 1960இல் ஆலிக்ஸ், கரோல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அடித்தன. கரோலில் காற்றின் வீச்சு மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டியது. புயலின் கண் ஊருக்கு மேலே வரும்போது காற்று நின்று வானம் வெளுக்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவனை, சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று வந்து அடிக்கும். அந்த ஆண்டுக்குப் பிறகு ஓலையும் தகரமும் பலகையுமாக இருந்த வீடுகள் மெல்ல மெல்ல காங்கிரீட் வீடுகளாயின. ஓடி ஒளிய அவர்களுக்கு உள்நாடு என்று ஒன்று கிடையாது. அதனால்தான் வீட்டையும் கட்டினார்கள், சொன்ன சொல் கேட்கிற பழக்கத்தையும் வளர்த்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரையும் 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் ஏமாற்றிவிட்டது. எல்லோரும் காற்றை எதிர்பார்த்திருக்க, தண்ணீர் முந்திக்கொண்டது. தலைநகரம் போர்ட் லூயியின் தெருக்களில் வெள்ளம் பாய்ந்து, வேலைக்குப் போனவர்களின் கார்கள் மிதந்தன. நமக்கும் இது புதிதல்ல. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று நம் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனது வெள்ளம். காற்றின் வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். எவ்வளவு மழை, எந்த ஓடை, நாம் படுத்திருக்கும் இடம் மேடா பள்ளமா என்பதையும் கேளுங்கள். உள்ளூரிலும் கேளுங்கள், வெளியூரிலும் கேளுங்கள்.

சரி, எப்போது போகலாம்? செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் நல்ல காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்டிலும் போகலாம். அப்போது தென்கிழக்குக் காற்று ஓயாமல் அடிக்கும், கிழக்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மேற்கிலும் வடக்கிலும் தங்கினால் அமைதி. நடுவில் உயர்ந்த மேட்டுநிலம். கியூர்பிப் ஊர் அங்கேதான். கடலோரம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் அங்கே தூறலும் குளிருமாக இருக்கும். ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இரண்டு வானிலை. ஒரு சால்வை கொண்டுபோங்கள்.

குளிக்க இறங்குமுன் இன்னொன்று. தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளப்பாறை வளையம் உண்டு. பெருங்கடல் அலை அந்தப் பாறையில் மோதி உடைய, உள்ளே கழி மாதிரி தெளிந்த தண்ணீர் நிற்கிறது. தெற்கே கிரி-கிரி என்ற இடத்தில் வளையம் அறுந்திருக்கிறது. அங்கே அலை நேராக வந்து கரும்பாறையில் அறைகிறது. பார்க்க அழகு, பாறை விளிம்புக்குப் போகாதீர்கள், காலைத் தண்ணீரில் வைக்காதீர்கள்.

அந்தப் பவளமும் கழியும்தான் அவர்களுக்கு மீன், அவர்களுக்கு வருமானம், அவர்களுக்கு அரண். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்கே பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்டில் அதிலிருந்து ஆயிரம் டன் அளவுக்கு எண்ணெய் கடலில் கொட்டியது. அரசாங்கம் வரட்டும் என்று மக்கள் காத்திருக்கவில்லை. கரும்புத் தோட்டத்துச் சோகையை வாரிக்கொண்டு வந்தார்கள். துணியிலும் சாக்கிலும் திணித்துத் தைத்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, நீளநீளமான தடுப்புகளாகக் கடலில் இறக்கினார்கள். எண்ணெயை உறிஞ்சத் தலைமுடியை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. நெல்லிக்குப்பத்தில் 1842இலிருந்து சர்க்கரை ஆலை ஓடுகிறது. சோகை என்றால் எங்களுக்குக் கையை அறுக்கும், கூரைக்கு ஆகும், மிச்சத்தைக் கொளுத்துவோம். அதைக் கொண்டு கடலைக் காத்திருக்கிறார்கள் என்று படித்தபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

அந்த எண்ணெய் அவர்களுடைய அலையாத்தி மரங்களின் வேரிலும் ஒட்டியது. அங்கே இயற்கையாக இருப்பவை இரண்டே வகை மரங்கள். அதில் ஒன்றான சுரபுன்னை நம் பிச்சாவரத்திலும் நிற்கிறது. சிதம்பரம் கோயிலின் தல மரமான தில்லையும் உப்பங்கழி மரம்தான், பிச்சாவரத்தில் இன்றும் வளர்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெருமளவு தப்பின. கடலைப் பார்த்த மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு சிதைந்தது. இதைக் கண்ணால் கண்ட ஊர்க்காரர்கள் நாம். பிச்சாவரத்தில் படகேறுகிற பிள்ளைகள் மரத்தடியில் தண்ணீர் பாட்டிலை வீசுவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. இங்கே மதிக்கத் தெரியாதவன் அங்கே போய் மட்டும் எதை மதிப்பான்?

நமக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள உறவு சுற்றுலாவில் தொடங்கியதல்ல. 1735இல் அங்கே பிரெஞ்சு ஆளுநராக வந்த லாபூர்தொனே, போர்ட் லூயியைக் கட்ட நம் புதுச்சேரிக் கரையிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். அதே ஆள் 1746இல் அங்கிருந்து கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்தார். பிடித்ததும் ஆங்கிலேயர் தங்கள் தலைமையிடத்தைக் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு மாற்றினார்கள். 1752 வரை அது இங்கேதான் இருந்தது. 1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர்கள் போய் இறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். எங்கே போகிறோம், எத்தனை நாள் கடல், அங்கே என்ன பருவம் என்று எதுவும் அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. கரும்புக் காட்டில் முதுகு ஒடிந்தது. அந்தக் கூலியில்தான் கோயில் கட்டினார்கள். இன்று தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் வந்த நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி இந்தியை முன்னால் அச்சிட்டபோது, தமிழர்கள் விடாமல் போராடி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தார்கள்.

ஆகவே கடற்கரையில் மட்டும் நாளைக் கழிக்காதீர்கள். போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் என்ற இறங்குதுறை இருக்கிறது. 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கடலிலிருந்து நம்மவர்கள் ஏறிவந்த கல் படிகள் இன்னும் உள்ளன. மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அவர்களுடைய குடிவரவுப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம் என்று எழுதிய பேரேடுகள். பலருக்குப் புகைப்படமும் உண்டு. உங்கள் வீட்டில் "பெரிய தாத்தாவோட தம்பி ஒருத்தர் கப்பலேறிப் போனவர் திரும்பலை" என்று யாராவது சொல்லியிருந்தால், புறப்படும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து அவர் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்போது இது தென்னார்க்காடு ஜில்லா. அந்தப் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு போய்த் தேடுங்கள்.