பந்தை எடுக்கும் கை



கிரிக்கெட்டில் யாரைப்போல் வர ஆசை என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் மட்டை பிடிக்கிறவர் பெயரைத்தான் சொல்வார்கள். வெயிலில் ஓடியோடிப் பந்து வீசுகிறவரை யார் நினைக்கிறார்கள்? விடியுமுன் மங்கு துடைத்து மரம் சீவுகிறவரைவிடப் பால் நிறுக்கும் கிராணிக்குத்தானே நம் தோட்டத்தில் மதிப்பு இருந்தது!

என் தங்கை மகன் சிங்கப்பூர் கிராஞ்சியில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாலம் தாண்டிப் போய்ப் பார்த்து வருவேன். அவனும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளும் ஞாயிறுதோறும் கிரிக்கெட் ஆடுவார்கள். இந்த முறை எல்லார் முகமும் வாடியிருந்தது. ரன் குவித்த நால்வரும் பெர்மிட் முடிந்து ஊர் போய்விட்டார்களாம். மிஞ்சியவர்களில் சிவகங்கைத் தம்பி ஒருவர் வேகமாக வீசுவார். என் மருமகன் சுழற்றுவான். மற்றவர்கள் சுமார்.

"குழுவைக் கலைச்சிடலாம்னு பேசிக்கிறாங்க, மாமா" என்றான்.

வாரம் ஆறு நாள் இரும்போடும் சிமெண்டோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு பிற்பகல்தான் சொந்தம். அதுவும் போனால் விடுதிக் கட்டிலும் கைத்தொலைபேசியுந்தான். எனக்கு மனம் கேட்கவில்லை. முத்தையா முரளிதரன் கதையைச் சொன்னேன்.

அவரும் நம்மைப் போல் தோட்டத்து வம்சம்தான். பாட்டனார் 1920-ல் தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். தகப்பனார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1977 கலவரத்தில் தொழிற்சாலை தீக்கிரையாகி, மறுபடி எழுந்தது. பிள்ளை பள்ளியில் முதலில் வேகமாகத்தான் வீசினார். பயிற்சியாளர் சொல்லிச் சுழலுக்கு மாறினார். 1992-ல் இலங்கைக்கு ஆடத் தொடங்கினார்.

இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்ததே 1981-ல்தான். வளர்ந்துவந்த அந்தக் குழுவுக்கு முரளிதரன் தூணானார். 1995 டிசம்பரில் மெல்பர்னில், பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் திரும்பத் திரும்ப 'நோ பால்' கூவினார். பிறவியிலேயே முழுதும் நிமிராத கை அவருக்கு. தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை.

1998 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் அதே ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்றும் இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னார். பலருக்குப் புரியவில்லை. அவர் கணக்கு வேறு. எதிரி முதலில் ஆடினால், நடுவில் நம்மவர்கள் மட்டை பிடிக்கும்போது முரளியின் தோளுக்கு ஓய்வு கிடைக்குமல்லவா? இங்கிலாந்து 445 எடுத்தது. முரளிக்கு 7 விக்கெட். இலங்கை 591. ஓய்வெடுத்து வந்தவர் அடுத்த முறை 65 ரன்னுக்கு 9 விக்கெட் சாய்த்தார். 10 விக்கெட்டில் வெற்றி! ஜெயசூரியாவின் 213-ஐயும் மறைக்கக்கூடாது. மட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இப்படி உண்டு. 1962-ல் 120 ஆட்டம் தோற்ற நியூயார்க் மெட்ஸ், சீவர், கூஸ்மன் என்ற இளம் வீச்சாளர்களை நம்பி 1969-ல் வாகை சூடியது.

சிவகங்கைத் தம்பி விடவில்லை. "ஒருத்தனையே நம்பி, அவன் கை வலிச்சா என்ன சார் பண்றது?"

நல்ல கேள்வி. 2010-ல் காலியில் 800-வது விக்கெட்டோடு முரளிதரன் விடைபெற்றபோது, 1999-லேயே அறிமுகமாகி அவர் நிழலில் காத்திருந்த ரங்கன ஹேரத் இருந்தார். அவர் 433 எடுத்தார். "நீங்களும் இப்போதே இரண்டு பேரைப் பழக்குங்கள்" என்றேன்.

குழு கலையவில்லை. போன ஞாயிறு எதிராளிகளை 71 ரன்னுக்குச் சுருட்டினார்களாம். அந்த 72-ஐ எடுக்க 19 ஓவரும் 8 விக்கெட்டும் ஆயிற்றாம்!