எக்கப்பலில் ஏறுவது?

விலை கொடுத்து வாங்கும் பொருள் எதுவாயினும் அதைச் சோதித்துப் பார்த்தே வாங்க வேண்டுமென்பது நம் மக்கள் கைக்கொண்ட வழக்கம். தேக்காச் சந்தையில் வெண்டைக்காய் வாங்கும் பெண்மணி, நுனியை ஒடித்துப் பார்த்த பின்னரே கூடையில் போடுகிறார். ஆனால் உல்லாசப் பிரயாணம் என்பது ஒடித்துப் பார்க்கக்கூடிய பொருளன்று. அதன் படத்தை மட்டுமே நமக்குக் காட்டுகிறார்கள். படத்திலே கடல் எப்பொழுதும் நீலமாயிருக்கிறது. பிரயாணிகள் எல்லோரும் சிரித்த முகத்தினராயிருக்கிறார்கள். அங்ஙனமாயின் ஒரு கப்பலை எதைக் கொண்டு மதிப்பிடுவது? இக்கேள்விக்கு எங்கள் இல்லத்தில் கிடைத்த விடை பிறர்க்கும் பயன்படுமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பலேறுவதென்று முடிவு செய்தோம். சிராங்கூன் சாலைப் பக்கமுள்ள ஒரு பிரயாண ஏஜெண்டு இரண்டு கப்பல்களின் விவரங்களைக் கொடுத்தார். ஒன்று ‘ஜென்டிங் டிரீம்’. மற்றொன்று ‘ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ்’. இரண்டும் 2022 முதல் சிங்கப்பூரிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவை. இரண்டும் ஜெர்மனியில் பாப்பன்பர்க் நகரத்து மேயர் கப்பற்பட்டறையிலே கட்டப்பட்டவை. முன்னது 2016-இல் கட்டி முடிந்து சுமார் 1,50,000 டன் அளவுள்ளது. பின்னது 2019-இல் கட்டி முடிந்து சுமார் 1,69,000 டன் அளவுள்ளது. இங்கே டன் என்பது எடையன்று. கப்பலின் உட்பருமனைக் குறிக்கும் அளவு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

என் மகள் ஸ்பெக்ட்ரத்தின் பக்கம் நின்றாள். கடல் மட்டத்திற்குமேல் 300 அடி உயரத்துக்கு மனிதரைத் தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு அதில் உண்டு. காற்றை மேல்நோக்கி ஊதி மனிதரை மிதக்கவிடும் யந்திரமும் உண்டு. என் துணைவியார் டிரீமின் பக்கம் நின்றார். இந்தியச் சைவ உணவுக்கும் ஹலால் உணவுக்கும் தனி ஏற்பாடு உண்டென்று அக்கப்பலார் அறிவித்திருந்தனர். பிள்ளைகளுக்கு நீர்ச்சறுக்குகளும் அதில் இருந்தன. நான் ஒரு தாளில் நடுக்கோடு கிழித்து, இருபக்கமும் குணங்களை எழுதிக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் கூட்டியும் தராசு ஒரு பக்கமும் சாயவில்லை.

இத்தனையும் கேட்டுக்கொண்டு மூலையில் அமர்ந்திருந்தவர் என் தாயார். கப்பல் என்றால் அவருக்கு ஒரே ஒரு கப்பல்தான் தெரியும். அது ‘ரஜூலா’. 1951-இல், ஆறு வயதுச் சிறுமியாக, நாகப்பட்டினத்தில் அதன் டெக்கில் ஏறியவர் அவர். ஜொகூர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தந்தையிடம் வந்து சேர்ந்தார். டெக்கில் விரித்த பாயும், இரவில் தலைக்கு மேலே தெரிந்த வானமும், பக்கத்துப் பாயிலிருந்த அயலூர்ப் பாட்டி ஊட்டிய எலுமிச்சை ஊறுகாயும் அவருக்கு இன்றும் மறக்கவில்லை.

ரஜூலாவைப்பற்றி இளைஞர்க்குச் சிறிது கூறல் வேண்டும். கிளாஸ்கோ நகரில் 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு உரியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. (போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய போர்ட் கிள்ளான்.) அதன் அளவு சுமார் 8,500 டன். அத்தனை சிறிய கப்பலில், மேல்வகுப்பார் நீங்கலாக, 5,000-க்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றலாமென்று அக்காலத்தில் அனுமதி வழங்கியிருந்தார்கள். பழைய கணக்கில் ஒரு டன் என்பது 100 கன அடி. வகுத்துப் பார்த்தால், இயந்திர அறை முதலிய யாவும் சேர்த்தே, ஓராளுக்கு ஐந்தரை அடி நீள அகல உயரமுள்ள ஒரு பெட்டியளவு இடந்தான் வருகிறது. ஸ்பெக்ட்ரத்தின் பருமன் ரஜூலாவைப்போல் இருபது மடங்கு. அது ஏற்றக்கூடிய பிரயாணிகளின் தொகையோ ஏறக்குறைய அதே ஐயாயிரத்துச் சொச்சம். நூறாண்டிலே மனிதனுக்குக் கிடைத்த இடத்தின் அளவு இது.

அக்காலத்தில் நம்மவரை எந்தக் கப்பல் வேண்டுமென்று கேட்டவர் எவருமில்லை. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பற் கூலி கட்டப்பட்டது. கங்காணி காட்டிய கப்பலில் ஏறினார்கள். 1938-இல் இந்திய சர்க்கார் அவ்வகைக் குடியேற்றத்தைத் தடுத்தது. அதன் பின்னரும், சொந்தக் காசில் வருபவர்கள் கைக்கெட்டிய டிக்கட்டையே வாங்கினார்கள். 1973-இல் ரஜூலா ஓய்ந்தது. அதன் வழியில் ‘சிதம்பரம்’ வந்தது. 1966-இல் பிரெஞ்சு நாட்டில் ‘பாஸ்தர்’ என்னும் பெயரோடு கட்டப்பட்டு, பின்னர் இந்தியக் கப்பற் கழகம் வாங்கிய கப்பல் அது. ரஜூலாவைப்போல் இருமடங்கு பெரிதாயிருந்த அக்கப்பலும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்களைப் பலிகொண்டது. அதனோடு அப்பிரயாணிக் கப்பற் போக்குவரத்தும் முடிந்தது. ஆகவே, இரண்டு கப்பல்களை மேசைமேல் வைத்துக்கொண்டு எது நல்லதென்று வாதாடுவது நம் குடும்பங்களுக்குப் புதிய பேறு என்பதை மறத்தலாகாது.

மூன்றாம் நாள் என் தாயார் வாய் திறந்தார். “தம்பி, இந்தக் கப்பலிலே ஆகக் குறைந்த டிக்கட்டு வாங்கினவன் எங்கே படுப்பான்?” என்று கேட்டார். புத்தகத்தைப் புரட்டிச் சொன்னேன். இரண்டு கப்பலிலும் ஆகக் குறைந்த விலைக்கு உள்ளறை கிடைக்கும். கட்டில், குளியலறை, குளிர்ந்த காற்று யாவும் உண்டு. சன்னல் மட்டும் இல்லை. சன்னல் வேண்டுமானால் அதற்கொரு விலை. வெளியே நின்று பார்க்கத் தாழ்வாரம் வேண்டுமானால் அதற்கு மேலும் ஒரு விலை. தாயார் சிரித்தார். “அப்போது எங்களுக்குக் கடலும் காற்றும் சும்மா கிடைத்தன, கட்டிலுக்குத்தான் காசு. இப்போது கட்டில் கிடைக்கிறது. கடலுக்குக் காசு கேட்கிறான்!” என்றார். என் தாளில் இரண்டு நாள் எழுதிய குணங்களில் எதுவும் இத்துணைக் கூர்மையாயில்லை.

அடுத்து, “அவன் போகக்கூடாத இடம் எது?” என்று கேட்டார். இதற்கும் இரண்டு கப்பல்களும் ஒரே விடையே தந்தன. டிரீமில் ‘தி பேலஸ்’ என்றொரு தனிப் பகுதி. அங்கே உயர்ந்த விலை கொடுத்தவர்க்கே நீச்சற்குளமும் உணவுச்சாலையும். ஸ்பெக்ட்ரத்திலும் உயர்ந்த அறையினர்க்கென அத்தகைய தனியிடங்கள் இருந்தன. பழைய நாளில் இப்பிரிவு கப்பலோடு நில்லாமல் கரைவரை தொடர்ந்தது. பினாங்கில் ஜெரஜாத் தீவிலும் இங்கே செயின்ட் ஜான்ஸ் தீவிலும் கொரண்டைனில் தங்க வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் டெக் பிரயாணிகளே. இன்றைய பிரிவு பணத்தால் மட்டும் ஆனது. கரையில் இறங்கினால் மறைந்துவிடுவது. அதுவரைக்கும் முன்னேற்றமே. ஆயினும், கதவொன்று நமக்கு அடைபட்டிருக்குமென்று முன்னரே தெரிந்து ஏறுபவன், அங்கே சென்று முகம் வாட வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி எங்களையெல்லாம் வாயடைக்கச் செய்தது. “சமைக்கிறவனும் கூட்டுகிறவனும் எப்போது தூங்குவான்?” இவ்விரண்டு கப்பல்களிலும் ஆயிரத்தைந்நூறு பேருக்குக் குறையாத தொழிலாளர் வேலை செய்கிறார்கள். அவர்களுள் மிகப் பலர் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டு, மாதக்கணக்கில் கடலில் உழைக்கும் ஆசிய நாட்டினர். நம் பாட்டன்மார் டெக்கில் வந்த காரணத்தாலேயே இவர்கள் டெக்குக்கு அடியில் வாழ்கிறார்கள். 2006-இல் நிறைவேறி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல் தொழிலாளர் உடன்படிக்கை இதற்கு வழி வகுத்திருக்கிறது. ஓய்வு நேரக் கணக்குப்படி, 24 மணி நேரத்தில் 10 மணிக்கும், 7 நாட்களில் 77 மணிக்கும் குறையாமல் ஓய்வு தரவேண்டும். வேலை ஒழுங்கின் அட்டவணையைத் தொழிலாளர் எளிதில் காணுமிடத்தில் ஒட்டிவைக்கவும் வேண்டும். சட்டம் இருப்பது நல்லது. அதைப் பிரயாணியும் அறிந்திருப்பது அதனினும் நல்லது. படுக்கை விரிப்பவனை விரல் சொடுக்கி அழைக்கும் கை, பழைய துரைமாரின் கையே ஆகும். அதன் நிறம் மட்டுமே மாறியிருக்கிறது.

இம்மூன்று கேள்விகளிலும் இரண்டு கப்பல்களும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. ஆகவே எஞ்சிய வேறுபாட்டைக் கொண்டு முடிவு செய்வது எளிதாயிற்று. எங்கள் பணம் ஸ்பெக்ட்ரத்தில் நான்கு இரவு சன்னலில்லா அறைக்குப் போதும். டிரீமில் மூன்று இரவு கடல் பார்க்கும் அறைக்குப் போதும். ஓரிரவைக் கொடுத்துக் கடலை வாங்கினோம். மகளுக்குக் கண்ணாடிக் கூண்டு போயிற்று என்ற குறை இருந்தது. அதை நாங்கள் மறைக்கவில்லை, அவளும் மறைக்கவில்லை. கிள்ளானும் பினாங்கும் அக்கப்பலின் வழியில் இருந்தன. எழுபத்தெட்டு வயதில் என் தாயார் அதே நீர்வழியில், இம்முறை தாமே தேர்ந்த கப்பலில் சென்றார். பினாங்குக் குன்று தெரிந்த விடியற்காலையில் அவர் தாழ்வாரத்தில் நெடுநேரம் நின்றார். என்ன நினைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைத்துக் காசு சேர்க்கும் நம் சகோதரர்கள் இத்தகைய பிரயாணங்களை விரும்புவதில் பிழையொன்றுமில்லை. உழைப்பவனுக்கு ஓய்வு உரிமையே. ஆனால் கடன் பட்டுச் செல்லற்க. அயல் வீட்டார் சென்றார் என்பதற்காகவும் செல்லற்க. எத்தனை நீச்சற்குளம், எத்தனை உணவுச்சாலை என்று எண்ணுவதற்கு முன்னே, ஆகக் குறைந்த டிக்கட்டுக்காரன் எங்கே படுக்கிறான், எந்தக் கதவு அவனுக்கு அடைக்கப்படுகிறது, அவனுக்கும் கீழே உழைப்பவன் எப்போது உறங்குகிறான் என்று கேளுங்கள். ஒரு கப்பலின் உயரத்தை அதன் உச்சித் தளத்தில் நின்று அளக்க இயலாது. அடித்தளத்திலிருந்தே அளக்க வேண்டும். நாம் அங்கிருந்து ஏறி வந்தவர்களாதலின், அவ்வளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது.