பெரியம்மாவின் 81 கிலோ

எங்கள் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. போன மாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தோம். எடை மெஷின் 81 காட்டியது. "சோத்தைக் குறை, தினமும் நட. திங்கிறதுக்கு ஏத்த வேலை இல்லேன்னா உடம்பு ஊதத்தான் செய்யும்" என்றார் டாக்டர். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பெரியம்மாவுக்கு அறுபத்து மூன்று. அந்த ஒருமையை விடுங்கள், பழகிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "நாப்பது வருசம் நாத்து நட்டேனே, அப்ப வேலைக்கு ஏத்த சோறு எவன் போட்டான்?"

டாக்டர் சொன்ன கணக்கு பொய்யில்லை. உடல் செலவழிப்பதைவிட அதிக ஆற்றல் சாப்பாட்டில் வந்தால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறக்குறைய 7,700 கலோரி. ஆனால் இந்த வரவையும் செலவையும் எங்கள் தெருவில் நாங்களா எழுதினோம்?

டெல்டாவில் எங்கள் வரவு பண்ணையார் அளந்து போட்ட நெல். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதன் தொடர்ச்சியாகத்தான் 1968இல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். செலவு, விடிந்தது முதல் சேற்றில் குனிந்த முதுகு. கணக்கு எப்போதும் நட்டம்தான். அன்றைக்கு எங்களுக்கு ஆற்றல் சமநிலை பற்றி வகுப்பெடுக்க யாரும் வரவில்லை.

அந்த நட்டம் வயிற்றோடு போவதில்லை, கருவுக்கும் போகிறது. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் அளந்து பார்த்தார்கள். சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. எங்கும் குறைவு, ஆனால் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. அரைவயிற்றுத் தாய்களின் பிள்ளைகள் ஒல்லியாகவே கொழுப்போடு பிறக்கிறார்கள். பின்னாளில் சர்க்கரை நோய் அவர்களைச் சீக்கிரம் பிடிக்கிறது.

பிறகு எல்லாம் மாறியது. நடவு மெஷின் வந்தது, அறுவடை மெஷின் வந்தது. பெரியம்மாவின் மருமகள் கார்மெண்ட்ஸ் வேனில் ஏறிப் போய் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தைக்கிறாள். செலவு சுருங்கிவிட்டது. வரவில் ரேஷன் அரிசி இலவசம், பாமாயிலும் சர்க்கரையும் மலிவு. ரேஷன் அரிசியைப் பழிக்கிறவர்களோடு எங்களுக்குச் சேர்த்தி கிடையாது. அது பசியை விரட்டிய அரிசி. ஆனால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள முன்பு இருந்தவை எங்கே? வயல் நண்டையும் நத்தையையும் பூச்சிமருந்து கொன்றது. மாட்டுக்கறியை, பள்ளிக்கூடத்தில் கேலி கேட்டுவந்த பிள்ளைகளே வேண்டாம் என்கிறார்கள். எங்களுக்குக் கைக்கெட்டிய புரதம் அதுதான். அதைத் தின்றதற்காகத் தீண்டத்தகாதவர் என்றார்கள். இப்போது அதே வாயால் புரதம் சாப்பிடுங்கள் என்கிறார்கள்!

2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை. 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4. அதே கணக்கெடுப்பில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவீதம். எடையும் கூடி, ரத்தமும் இல்லாத உடம்பு. 'தின்று கொழுத்தது' என்று இதைச் சொல்ல முடியுமா?

இனி நடையைப் பற்றி. ஊர்த்தெருக் குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள், விளக்கும் பெஞ்சும் உண்டு. எந்தப் போர்டும் எங்களைத் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் பெண்கள் நாலு பேர் ஒருநாள் போனபோது, "இங்க என்னம்மா ஜோலி?" என்று மட்டும் கேட்டார்களாம். மறுநாள் யாரும் போகவில்லை.

கிராம சபையில் மனு கொடுத்திருக்கிறோம், குளத்துப் பாதைக்கும் ரேஷனில் கூடுதலாக ஒரு கிலோ துவரம்பருப்புக்கும். முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது. அதுவரை விடியற்காலையில் பைபாஸ் ஓரமாகத்தான் நடக்கிறார். லாரி வெளிச்சம் தெரிந்தால் கருவேல முள் பக்கம் ஒதுங்கி நின்று, போனதும் மறுபடி நடக்கிறார்.