புகையிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

மலையிலே புகை கண்டால் அங்கே நெருப்பு உண்டென்று துணிவது தருக்க நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. டீசல் மோட்டாரின் வாலிலிருந்து எழும் புகைக்கு இந்த விதியை அப்படியே பொருத்த இயலாது. இயந்திரத்தின் உள்ளே நெருப்பு செம்மையாக இருக்குமானால் கண்ணுக்குத் தெரியும் புகை பெரும்பாலும் இராது. நெருப்பு குறைந்திருக்க வேண்டும். அல்லது தாமதித்திருக்க வேண்டும். அல்லது தனக்கு உரியதல்லாத ஒன்றை அது எரித்திருக்க வேண்டும். அப்போதுதான் புகை எழுகிறது. இந்த மூன்றையும் பிரித்தறியாமல், புகையைக் கண்ட மாத்திரத்தில் மெக்கானிக்கின் சட்டையைப் பிடிப்பவர்கள் நம்மில் அனேகர்.

கீழக்கரையில் எங்கள் குடும்பத்திற்கு 1988ஆம் ஆண்டு வாங்கிய டீசல் அம்பாஸடர் ஒன்று இருந்தது, 1489 சி.சி. கொள்ளளவு கொண்ட பழைய இயந்திரம். வாப்பா வாங்கிய வண்டி என்றாலும், கல்யாணத்திற்கும் மௌத்திற்கும் தெருவே இரவல் கேட்கும் வண்டியாக அது இருந்தது. 2006ஆம் ஆண்டில் அது தெருவெல்லாம் நீலப்புகை கக்கத் தொடங்கவே, இன்ஜின் வேலைக்கு விட்டோம். சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு, ஹெட்டைச் சமன்செய்து, ஒரு மாதத்திற்குப் பின் வண்டி வீடு வந்தது. மறுநாள் சுபுஹுக்குப் பின் சாவியைத் திருப்பினால், எதிர்வீட்டுத் திண்ணை தெரியாத அளவுக்கு வெண்புகை! அந்த வீட்டில் நெஞ்சுச் சளியோடு கிடந்த கைக்குழந்தை இருமும் சத்தம் எங்கள் வாசல் வரை கேட்டது.

சாச்சா அப்போதே தீர்ப்பு வழங்கிவிட்டார். "பழைய ரிங்கையே துடைத்துப் போட்டு ஏமாற்றிவிட்டான். பாக்கிப் பணத்தில் ஒரு காசு கொடுக்காதே. இன்ஜினைப் பிரித்துக் காட்டச் சொல்."

பாக்கி ஆறாயிரம் ரூபாய். மேஸ்திரிக்கு அது ஒரு மாத வாழ்வு. இன்ஜினைப் பிரிப்பதோ சொல்வதைப் போல எளிதன்று. ஹெட் காஸ்கெட் வீணாகும், கூலி இரட்டிக்கும், அப்போதுதான் சிலிண்டரோடு பழகத் தொடங்கிய ரிங்குகள் மீண்டும் புதிதாகப் பழக வேண்டிவரும். குற்றம் இருக்கும் இடம் தெரியாமல் பிரித்துவிட்டால், மீண்டும் பூட்டிய பின்னும் அதே புகை எழலாம்.

டீசல் இயந்திரத்தில் பொறி தட்டும் பிளக் கிடையாது. இத்தகைய பழைய இயந்திரங்களில் காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் நெரிக்கிறார்கள். நெரிபட்ட காற்று ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறி நிற்கையில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தூவுகிறது. அது தானே பற்றிக்கொள்கிறது. பனியாக வர வேண்டியது துளியாக வந்தாலும், காற்றுக்குச் சூடு போதாவிட்டாலும், டீசல் எரியாமலே வெளியேறும். வெள்ளையாகவும், கண்ணைக் கரிக்கச் செய்யும் பச்சை டீசல் நெடியோடும் வருவது அந்தப் புகைதான். காஸ்கெட் கசிந்து தண்ணீர் உள்ளே புகுந்தாலும் வெள்ளையாகத்தான் வரும். ஆனால் அது நீராவி. கண் கரிக்காது, ரேடியேட்டரில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கும். நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவதற்கு அடையாளம். கறுப்போ, காற்று போதாமலோ டீசல் மிகுந்தோ வருவது. பாலம் ஏறும்போது சற்றே கறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை.

புதிதாகக் கடைந்த சிலிண்டரில் ரிங் பதிந்து உட்காரச் சில நூறு கிலோமீட்டர், சில வேளை ஆயிரமும் ஆகும். அதுவரை இலேசான நீலம் தென்படுவது இயல்பு. அந்த நாட்களில் வண்டியை நிறுத்தி வைத்தே உறும விடுவதும், ஆமைபோல ஓட்டுவதும் நல்லதல்ல; அளவான சுமையோடு ஓட வேண்டும். குழந்தையைத் தாலாட்டுவது போல இன்ஜினைத் தாலாட்டி, ரிங் உட்காரவிடாமல் செய்த கனவான்கள் பலர் உண்டு.

மேஸ்திரியை வரவழைத்தேன். அவர் சத்தியம் செய்யவில்லை, சண்டையும் போடவில்லை. "மூன்று நாள் பொறுங்கள், தம்பி. காலையில் நான் வந்துதான் ஸ்டார்ட் செய்வேன். அதுவரை ரேடியேட்டர் மூடியை யாரும் தொட வேண்டாம்" என்றார்.

மூன்று நாளில் தண்ணீர் ஒரு விரற்கடையும் இறங்கவில்லை. புகை கண்ணைக் கரித்தது. பத்து நிமிடம் சூடானதும் தேய்ந்து மறைந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஆவி அதிகம் சீறவில்லை. ஹீட்டர் பிளக்குகள் நான்கையும் தனித்தனியே சோதித்தார், நான்கும் சிவந்தன. எனவே தண்ணீரும் ஹீட்டரும் விடுபட்டன.

பிறகு வண்டியைத் தெருவிலிருந்து கடற்கரைப் பக்கத்து வெளிக்குக் கொண்டுபோனோம். கொட்டகையை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட்டிச் சோதிப்பது உயிரோடு விளையாடுவதாகும். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் சேர்த்துவிட்டது என்பதையும் குடும்பத்தார் நினைவில் கொள்வது நலம்.

குளிர்ந்த இன்ஜினை மெல்ல ஓடவிட்டு, இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார் மேஸ்திரி. கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துதான் செய்தார். அந்தக் குழாயில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓடாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைத்தலாகாது.

ஒன்றாவதைத் தளர்த்தியதும் இன்ஜின் தடுமாறியது. இரண்டாவதும் நான்காவதும் அவ்வாறே. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஓசை அதிகம் மாறவில்லை. புகை மட்டும் திரை விலகினாற்போல விலகிற்று! ஒரு சிலிண்டரோடு புகை நின்றதால் பம்பின் டைமிங் மீதிருந்த ஐயம் தீர்ந்தது. அது பிசகியிருந்தால் நான்குமே புகைந்திருக்கும்.

"அப்படியானால் மூன்றாவதில்தான் பழைய ரிங் இருக்கிறது" என்றார் சாச்சா.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரிங் பிடிக்காமல் காற்று நெரிபடாவிட்டாலும் அந்தச் சிலிண்டர் புகையத்தான் செய்யும். வழக்கு இப்போது மேஸ்திரியின் வாசலிலேயே வந்து நின்றது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்ஜின் ஆறட்டும். ஒன்றாவது இன்ஜெக்டரை மூன்றிலும், மூன்றாவதை ஒன்றிலும் மாற்றிப் போடுகிறேன். புகை மூன்றிலேயே நின்றால் என் செலவில் பிரிக்கிறேன், பாக்கியும் வேண்டாம்" என்றார். தமக்கே பாதகமாக முடியக்கூடிய சோதனையைத் தாமே முன்வைக்கும் மனிதரை நான் அதுவரை அதிகம் கண்டதில்லை.

லுஹருக்குப் பின், புதிய செம்பு வாஷர்கள் வைத்து மாற்றிப் பூட்டினார். ஸ்டார்ட் செய்ததும் முன்போலவே வெள்ளை. மூன்றாவது நட்டைத் தளர்த்தினார். இன்ஜின் தடுமாறியது, புகை குறையவில்லை. ஒன்றாவதைத் தளர்த்தினார், புகை நின்றது. குற்றம் இன்ஜெக்டரோடு இடம் பெயர்ந்துவிட்டது. சிலிண்டரும் ரிங்கும் நிரபராதிகள்.

மறுநாள் நான்கு இன்ஜெக்டர்களையும் இராமநாதபுரத்துப் பம்ப் கடைக்குக் கொண்டுபோனோம். சோதனைப் பலகையில் மூன்று நாசில்கள் கிர்ரென்ற ஒலியோடு பனியாகத் தூவின. மற்றொன்றின் மூக்கில் ஒரு துளி திரண்டு, தயங்கி, ஒழுகியது. அது எவ்வளவு காலமாக ஒழுகிற்றோ! முன்பிருந்த நீலப்புகைக்குள் அந்த வெள்ளை ஒளிந்திருந்திருக்கிறது. ஆயில் புகை நின்ற பிறகே அது வெளிப்பட்டது. நாசில் பார்ப்பது பம்ப் கடைக்காரரின் தொழில்; மேஸ்திரி ஒப்புக்கொண்ட வேலையில் அது சேர்ந்ததும் அன்று.

நாசில் மாற்றிய பின் காலைப்புகை நின்றது. இலேசான நீலம் மட்டும் எண்ணூறு கிலோமீட்டர் அளவில் ஓடும் வரை இருந்து, பின் அதுவும் மறைந்தது.

சாச்சா ஆறாயிரம் ரூபாயை ஓர் உறையில் இட்டு, மேஸ்திரியிடம் சேர்த்துவிடுமாறு என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. "நீங்களே கொடுப்பதுதான் சரி, சாச்சா" என்றேன். சற்று நேரம் உறையையே பார்த்திருந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, வண்டியில் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.