அம்மாவின் தோசைக்கல்லும் டெக்சாஸ் சமையல் வண்டியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ், பையனோட பரீட்சை, நடுவுல ஊருக்கு ஒரு நடைன்னு நாள் ஓடிடுச்சு. இன்னிக்கு எழுத உட்கார வெச்சது ஒரு தோசைக்கல்.

அம்மாவோட கல்லு. வார்ப்பிரும்பு. கல்யாணமாகி புனே கிளம்பினப்போ, "புதுசு வாங்கிக்கறேம்மா"ன்னு சொல்லச் சொல்ல, பழைய வேட்டியில சுத்திப் பெட்டிக்குள்ள வெச்சாங்க. அம்மா போய் மூணு வருஷமாச்சு.

போன மாசம் வீட்டு வேலைக்கு வர்ற மாவ்ஷி லீவு. அவங்க மருமக வந்தா. கல்லு மேல இருக்கற கருப்பை அழுக்குன்னு நெனச்சு, கம்பி நார் போட்டுத் தேய்ச்சு ஈரத்தோட கவுத்து வெச்சுட்டா. மழைக்காலம் வேற. மறுநாள் பார்த்தா கல்லு பூரா துரு. அந்தப் பொண்ணை வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். அவ ஒண்ணும் பேசாம பாத்திரம் தேய்க்கப் போயிட்டா.

ராத்திரி தூக்கம் வரலை. துரு எடுக்க வழி தேடிப் படிச்சிட்டே போய், டெக்சாஸ் கவ்பாய்கள் சாப்பாட்டுல நின்னேன்.

1865ல அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சப்போ டெக்சாஸ்ல மாடு ஏராளம், அங்க விலைதான் இல்லை. நல்ல விலை வேணும்னா வடக்கே கான்சாஸ் ரயிலடிக்கு ஓட்டிட்டுப் போகணும். ரெண்டாயிரம், மூவாயிரம் மாடு, கூட ஒரு பத்துப் பன்னெண்டு பேர், மாசக்கணக்கா நடை. வழியில சோறு? 1866ல சார்லஸ் குட்நைட்னு ஒரு பண்ணைக்காரர் பழைய ராணுவ வண்டி ஒண்ணை வாங்கி, பின்பக்கம் நம்ம அஞ்சறைப்பெட்டி மாதிரி தடுப்புத் தடுப்பா அலமாரி வெச்சார். அதோட கதவைக் கீழ இறக்கினா அதுவே சமையல் மேடை. அதுதான் சக் வேகன்.

அதுல ராஜா, டச்சு அவன்ங்கற வார்ப்பிரும்புச் சட்டி. மூணு கால், விளிம்பு வெச்ச தட்டை மூடி. அடியிலயும் தணல், மூடி மேலயும் தணல். உள்ள புளிச்ச மாவு ரொட்டி வேகும். நம்ம மாவு கதைதான், பழைய மாவைக் கொஞ்சம் மிச்சம் வெச்சுப் புளிக்க விடறது. குளிர்ல மாவு செத்துடக் கூடாதுன்னு சமையல்காரர் அதைப் போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டுத் தூங்குவாராம்! கூட பீன்ஸ், உப்புக்கண்டம் போட்ட பன்னிக்கறி, கடுங்காபி. விறகு கிடைக்காத சமவெளியில காய்ஞ்ச சாணிதான் எரிபொருள்.

ஆனா என்னைப் பிடிச்சு உலுக்கினது வேற. அந்தக் கூட்டத்துல சமையல்காரருக்குச் சாதாரண கவ்பாயை விடச் சம்பளம் ஜாஸ்தி. சாப்பாட்டுல தூசி விழற மாதிரி வண்டிப் பக்கம் குதிரை ஓட்டக் கூடாது. அவர் மேடையில தட்டை வெச்சுச் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டு முடிச்சா அவனவன் தட்டை அவனவனே வழிச்சுத் தொட்டியில போடணும். துப்பாக்கி வெச்சிருந்தவனும் இதுக்குக் கட்டுப்பட்டான்.

எங்க வீட்ல? அம்மா கடைசியாத்தான் சாப்பிடுவாங்க, அதுவும் பிஞ்ச தோசையா. ஒரு நாள் கூட என் தட்டை நான் எடுத்ததில்லை. அப்படிப்பட்ட நான், அம்மா ஞாபகம்னு சொல்லி, சமையல்கட்டுல நிக்கற இன்னொரு பொண்ணைக் கத்தியிருக்கேன்.

திங்கக்கிழமை மாவ்ஷி வந்தாங்க. கல்லைத் திருப்பிப் பார்த்துட்டு, "பிடாச்சா தவா, எங்க கிராமத்துலயும் இருக்கு"ன்னு சிரிச்சாங்க. துருவைச் சுரண்டி, கழுவி, அடுப்புலயே காய வெச்சு, எண்ணெயை மெல்லிசாத் தடவித் துடைச்சு, புகையற வரைக்கும் சூடு. ஆறினதும் மறுபடி. நாலஞ்சு தடவை. அந்தச் சூட்டுல எண்ணெய் இறுகி இரும்போட ஒட்டிக்கிட்டு ஒரு படலமாயிடுதாம். நாம அழுக்குன்னு நெனைக்கற கருப்பு அதுதான்.

அடுத்த நாள் மருமகளையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். பாதி வெங்காயத்தை எண்ணெயில தொட்டுத் தேய்ச்சு ஊத்தினேன். முதல் தோசை பிஞ்சது. ரெண்டாவதும் பிஞ்சது. மூணாவது முழுசா வந்தது. அதை அந்தப் பொண்ணுக்கு வெச்சுட்டு மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் தாயீ"ன்னா. பிஞ்ச ரெண்டும் எனக்கு.

சாப்பிட்டு எழுந்ததும் பழக்கதோஷத்துல தட்டைத் தேய்க்கப் போனா. வாங்கி நானே கழுவி வெச்சேன்.

உங்க வீட்ல ஊர்லேர்ந்து வந்த கல்லு இருக்கா? யாரு கையில இருக்கு? சொல்லுங்க.

பி.கு: கழுவின கல்லை ஈரத்தோட வெக்காதீங்க. புளி சேர்ந்த எதையும் அதுல கொதிக்க விடாதீங்க.