மனத்தைத் திறக்கும் உரிமை

பிரான்சின் டிஎஃப்1 தொலைக்காட்சி 2009 முதல் 2020 வரை ஒளிபரப்பிய 'ப்ரொஃபிலாஜ்' தொடரின் தொடக்க நாயகி க்ளோயே சேன்-லொரான், குற்றவாளியின் மனப்போக்கை ஊகித்தறிந்து பாரிஸ் காவல்துறைக்குத் துப்புக் கொடுக்கும் உளவியலாளர். பிறர் மனத்துக்குள் நுழைய அவருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை. அந்த அனுமதியைப் பற்றிய கேள்விதான் பெங்களூருவில் பெரும் வழக்காக வளர்ந்தது.

2000-களில் நார்கோ சோதனைக்குப் பெயர்போன நகரம் பெங்களூரு. சோடியம் பென்டத்தால் என்னும் மயக்க மருந்தை நரம்பில் சிறிது சிறிதாகச் செலுத்தி, முழு உறக்கமும் முழு விழிப்பும் அல்லாத நிலையில் ஒருவரை வைத்து, தடய அறிவியல் உளவியலாளர் கேள்வி கேட்பதே அச்சோதனை. மருந்தின் அளவை மயக்கவியல் மருத்துவர் கவனித்துக்கொள்ள, குழறிய பதில்கள் ஒளிப்பதிவாகும். முத்திரைத்தாள் மோசடியில் சிக்கிய அப்துல் கரீம் தெல்கியிடம் எடுத்த பதிவு தொலைக்காட்சியிலேயே வெளியானபோது, விசாரணை அறைக்குரியது வீட்டுக்கூடத்தில் காட்சிப்பொருளாயிற்று. விசாரணைக்கு உள்ளான எவருக்கும் இது பெரும் அநீதி. அரைமயக்கத்தில் வருவதெல்லாம் உண்மை என்பதற்கும் உறுதியில்லை. கற்பனையும், கேட்பவர் கேள்வியிலேயே புகுத்தும் குறிப்பும் அதில் கலந்துவிடும்.

மூளை மின்னலைகளைக் கொண்டு குற்ற நினைவைக் கண்டறிவதாகச் சொல்லப்பட்ட முறையும் இந்நகரத்தோடு தொடர்புடையதே. அதை உருவாக்கிய சி.ஆர். முகுந்தன், நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் பணியாற்றியவர். அதே நிம்ஹான்ஸின் இயக்குநர் தலைமையில் அமைந்த குழுதான் பின்னர் அம்முறையை ஆராய்ந்து, போதிய அறிவியல் அடிப்படையற்றதென்று சொன்னது. தன் துறையிலிருந்து வந்த ஒன்றையே ஒரு நிறுவனம் இவ்வாறு உரசிப் பார்த்தது போற்றத்தக்கது.

2010 மே 5 அன்று, 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்' வழக்கில், தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, சம்மதமின்றி எவரையும் இச்சோதனைகளுக்கோ பொய் கண்டறியும் கருவிக்கோ உட்படுத்தக் கூடாதென்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 20(3) ஆம் பிரிவு, வாயின் மௌனத்தோடு மனத்தின் மௌனத்தையும் காக்கிறது என்பதே அதன் சாரம். சம்மதித்தவரிடம் நடந்த சோதனையின் முடிவும் தனியே சாட்சியமாகாது. அதன் வழியே பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோ மட்டுமே ஏற்கத்தக்கது. அந்தச் சம்மதமும் வழக்கறிஞரின் துணையோடு, நீதித்துறை நடுவர் முன் பதிவாக வேண்டும் என்பது, காவல் நிலையத்தில் தனியே நிற்கும் ஏழைக்கு மிகவும் வேண்டிய காப்பு.