விடியற்காலையில் மட்டும் ஏறும் முள்!

"சொன்னா நம்ப மாட்டேங்குதீங்க தம்பி. காலையில முள்ளு சிவப்புக் கோட்டைத் தொட்டுட்டு நின்னுச்சு. இப்பப் பாருங்க, ஒண்ணும் தெரியாத மாதிரி நடுவுல நிக்குது!"

ஆறுமுகநேரியில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் நின்று வாத்தியார் சொன்னபோது மணி மதியம் 12. ரேடியேட்டரில் தண்ணீர் சரியாக இருந்தது. ஃபேன் சுற்றியது. மெக்கானிக் பையன் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு சார்" என்று சாவியைக் கையில் கொடுத்தான். அது மூன்றாவது முறை.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அவர். வயது 67. கார் 2003 மாடல், சின்ன பெட்ரோல் வண்டி. 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, பிறகு 5 வருடம் கழித்து மறுபடியும் புதுப்பித்து வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக அந்த வண்டிக்கு ஒரே வேலைதான். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவர் மனைவியைத் தூத்துக்குடிக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப் போக வேண்டும். காலை 6 மணிக்குப் படுக்கை. 4.45-க்கெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பிவிடுவார்கள்.

தொல்லை ஆரம்பித்தது ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டு விளக்கு மங்கும். டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறும். இண்டிகேட்டர் போட்டால், அது 'டிக் டிக்' என்று அடிக்கிற தாளத்துக்கு முள்ளும் துடிக்கும். வாத்தியார் உள்ளங்கையால் டேஷ்போர்டைத் தட்டுவார். சில நேரம் சரியாகிவிடும். சில நேரம் ஆகாது.

ஒரு வியாழக்கிழமை பழையகாயல் தாண்டியதும் முள் சிவப்பில் போய் உட்கார்ந்துவிட்டது. வாத்தியார் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். இருட்டு. இரண்டு பக்கமும் ஆள் இல்லை. இன்ஜின் ஆறட்டும் என்று அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் படுக்கையில் வேறு ஒருவர் இருந்தார். மதியம் 2 மணிக்குத்தான் இடம் கிடைத்தது. கால் வீங்கி, மூச்சு வாங்கியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் வாத்தியாருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று ராத்திரி சென்னையிலிருந்து மகன் போன் செய்தான்.

"அப்பா, அந்த வண்டியைத் தள்ளிவிடுங்க. மாசம் பேசி ஒரு டாக்ஸி வெச்சிக்கலாம். நான் பணம் அனுப்புதேன்."

"ஏல, வண்டில ஒண்ணும் பெருசா இல்லல."

"மூணு மெக்கானிக் ஒண்ணும் இல்லைனு சொல்லிட்டாங்க. உங்களுக்குக் கண் ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷந்தான் ஆகுது. இருட்டுல சரியாத் தெரியுதா உங்களுக்கு?"

வாத்தியார் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். மனைவியின் நோய்க்கு அவரால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த 30 கிலோமீட்டர் சவாரி. அதையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டுமா என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. அதைவிட, நிஜமாகவே கண்தான் ஏமாற்றுகிறதோ என்ற பயம்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அந்தச் சமயம் இரண்டு வாரம் லீவில் வந்திருந்தாள். காருக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. ஆனால், அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று தெரியும். ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு முன் ஸீட்டில் ஏறினாள். தேதி, நேரம், எந்த ஊர், வைப்பர் ஓடியதா, ஹெட்லைட் எரிந்ததா, மேடு பள்ளமா என்று ஒவ்வொன்றையும் எழுதினாள்.

இரண்டு வாரத்தில் ஆறு பயணம். போகும்போது ஐந்து நாள் முள் ஏறியது. திரும்பி வரும்போது ஒரு நாள்கூட ஏறவில்லை.

"குளிருக்கு இருக்குமோப்பா?" என்றாள் முதலில். குளிரில் இன்ஜின் சூடு ஏன் ஏற வேண்டும்? அது பொருந்தவில்லை. நோட்டை மறுபடி புரட்டினாள். போகும்போது எப்போதும் ஹெட்லைட் எரிந்திருக்கிறது. வரும்போது வெயில்.

ஆறாவது நாள் முக்காணியில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னாள். முள் அப்போது சிவப்புக்குக் கிட்டத்தில் இருந்தது. "அப்பா, ஹெட்லைட்டை அணைங்க." அணைத்தார். முள் சடாரென்று கீழே இறங்கியது. "போடுங்க." ஏறியது. இன்ஜின் சூடு இப்படி நொடியில் ஏறி இறங்காது. பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறி இறங்கியதை அப்போதுதான் இரண்டு பேரும் கவனித்தார்கள். அரை டேங்க் பெட்ரோல்தான் இருந்தது. முள் காட்டியதோ ஃபுல்.

மகள் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தாள்.

அந்த வீடியோவோடு அவர்கள் போனது காயல்பட்டினத்தில் இருந்த ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடியோவை மூன்று முறை பார்த்தார்.

"ரெண்டு முள்ளும் சேர்ந்து ஏறுது பாத்தீங்களா சார்? சூடு பார்க்குற சென்சார் இன்ஜின்ல இருக்கு. பெட்ரோல் அளவு பார்க்குறது டேங்குக்குள்ள இருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல கெட்டுப்போகுமா? ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னுதான் பார்க்கணும். மீட்டருக்கு வர்ற கரன்ட், இல்லைனா எர்த்."

முதலில் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தார். இன்ஜின் ஓடாதபோது 12.5 வோல்ட், ஓடும்போது 14.1 வோல்ட். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருந்தன. அடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே படுத்து, மீட்டரின் கறுப்பு எர்த் வயரில் ஒரு முனையையும், பேட்டரியின் மைனஸில் இன்னொரு முனையையும் வைத்தார். ஹெட்லைட் அணைந்திருந்தபோது மீட்டர் ஏறக்குறைய ஒன்றும் காட்டவில்லை. போட்டதும் 3 வோல்ட்டைத் தாண்டியது.

"அங்க 0.1, 0.2-க்கு மேல போகக் கூடாது சார். கரன்ட் வந்த வழியில திரும்பிப் போக முடியாம முட்டிக்கிட்டு நிக்குது."

விளக்கு எரியாதபோது அந்த வயரில் கொஞ்சம் கரன்ட்தான் போகும். கெட்டுப்போன இணைப்புகூட அதைத் தாங்கிவிடும். ஹெட்லைட் போட்டால் டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து எரியும். அந்தக் கரன்ட்டும் அதே எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். வழி அடைத்திருந்தால் மீட்டருக்குள் வோல்டேஜ் கணக்கு தப்பிவிடும். முள் பொய் சொல்லும். பட்டப்பகலில் பார்த்த மூன்று மெக்கானிக்குகளும் ஹெட்லைட் போடவே இல்லை.

பாய் டார்ச் அடித்துத் தேடினார். டிரைவர் கால் வைக்கும் இடத்தில், ஓரமாக பாடியில் ஒரு போல்ட். நான்கைந்து கறுப்பு வயர்கள் அதில் வந்து சேர்ந்திருந்தன. போல்ட் முழுக்கத் துரு. வயர் முனையில் பச்சைக் களிம்பு. மேலே தடவிப் பார்த்தால் ஈரம். முன்பக்கக் கண்ணாடியின் ரப்பர் காய்ந்து வெடித்து, மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அங்கேதான் இறங்கியிருக்கிறது. உப்பளக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துவிட்டது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். களிம்பு பிடித்த முனைகளை வெட்டிவிட்டுப் புது முனை வைத்து ஈயம் பற்றவைத்தார். இறுக்கி முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினார். மறுபடி ஹெட்லைட் போட்டுப் பார்த்தால் 0.04 வோல்ட். கண்ணாடி ரப்பரையும் மாற்றச் சொன்னார். "அதை விட்டா அடுத்த மழைக்கு மறுபடியும் என்கிட்டதான் வருவீங்க."

கூலி 400 ரூபாய். ஏற்கெனவே சென்சார் மாற்றியதற்கு மட்டும் 1,800 ரூபாய் ஆகியிருந்தது.

கிளம்பும்போது வாத்தியார் கேட்டார், "அன்னைக்கு ரோட்டுல நிறுத்தினது வீண்தானா பாய்?"

"இல்ல சார். சிவப்புக்குப் போனா நிறுத்தத்தான் செய்யணும். முள்ளு பொய் சொல்லுதா, நெசம் சொல்லுதான்னு ஓட்டிக்கிட்டே தெரிஞ்சுக்க முடியாது. நெசமா இருந்தா இன்ஜினே போயிருக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸ் போடுறது, வயரை முறுக்கிச் சொருகுறது, இதெல்லாம் மட்டும் செஞ்சிராதீங்க. வண்டி தீப்பிடிச்சிரும்."

மகள் இரண்டு வீடியோவையும் அண்ணனுக்கு அனுப்பினாள். முள் ஏறுவது ஒன்று, ஏறாமல் நிற்பது ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவுக்கு போன் வந்தது. டாக்ஸி பற்றி அவன் பேசவில்லை.

"கண்ணாடி ரப்பர் எப்ப மாத்தப் போறீங்கப்பா?" என்று கேட்டான்.

"சனிக்கிழமை அம்மாவ விட்டுட்டு, தூத்துக்குடியிலேயே மாத்திட்டு வந்திருதேன்ல."

அடுத்த செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல 4.45. பழையகாயல் தாண்டியதும் வாத்தியாரின் இடது கை தானாக டேஷ்போர்டைத் தட்டப் போனது. தூங்குகிறாள் என்று அவர் நினைத்திருந்த மனைவி பின் ஸீட்டிலிருந்து சொன்னார்:

"அதான் சரியாயிட்டுல்லா... ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓட்டுங்க."